எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாதுங்க

முதலில் கழன்றது செருப்புதான்.

சம்பா நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வாய்க்கால் கரை வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த என் மகள் கயல், "அப்பா, செருப்பு" என்றாள். திரும்பிப் பார்த்தால் என் இடது கால் செருப்பு அவள் கையில் இருக்கிறது. மதகடியிலேயே கழன்று விழுந்துவிட்டதாம். அங்கிருந்து கருவேல முள் கிடக்கிற பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். பாதத்தில் ஒரு முள்ளும் ஏறியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"அப்படி என்னப்பா யோசனை?" என்று கேட்டாள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

பிள்ளைகளே, வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எனக்கு வந்த இந்த நோய் இருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்து நெல் சாகுபடி செய்கிறேன். டாக்டர் எழுத வேண்டியதை நான் எழுதவில்லை. எனக்கு நடந்ததையும், என் மகள் கேட்டதையும், டாக்டர் சொல்லி எனக்கு விளங்கியதையும் மட்டும் எழுதுகிறேன்.

சேற்றில் நிற்கிறவனுக்குக் கால் மரத்துப்போவது புதிதில்லை. அதனால் நான் கவலைப்படவில்லை. அறுவடை முடிந்த சமயத்தில் வலது கண் வலித்தது. கண்ணை அசைத்தால் உள்ளே பிடித்து இழுப்பது போல இருந்தது. ஒரு நாள் காலையில் என் மனைவி மலர் காபி கொண்டு வந்து நின்றாள். அவள் நெற்றிக் குங்குமம் இடது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தது. வலது கண்ணுக்குப் பழைய செங்கல் மாதிரி இருந்தது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். "காலங்காத்தால என்ன கண்ணடிக்கிறீங்க?" என்றாள் மலர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கண் டாக்டர் என்னைத் தஞ்சாவூருக்கு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். துணைக்குப் பேராவூரணியிலிருந்து அத்தான் வந்தார். என் அக்காவின் கணவர். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி என்றால் எங்கள் குடும்பத்தில் அவர்தான் முன்னால் நிற்பார். கார் வைத்திருப்பது ஒரு காரணம். பேசத் தெரிந்தவர் என்பது இன்னொரு காரணம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள் (காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் பிடிப்பது). முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா பெயரைச் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். (நரம்பின் மேல் உறை அங்கங்கே அரிபட்டுத் தழும்பு விழும் நோய்).

எனக்கு அது இப்படித்தான் விளங்கியது. எங்கள் மோட்டார் கொட்டகையில் ஒருமுறை எலி வயரைக் கடித்துவிட்டது. உள்ளே செம்புக் கம்பி நன்றாகத்தான் இருந்தது. மேல் உறை போயிருந்தது. மோட்டார் உறுமும், நிற்கும், திரும்ப உறுமும். என் உடம்பும் அதே நிலையில்தான் இருந்தது. ஆனால் இங்கே எலி வெளியிலிருந்து வரவில்லை. உடம்பைக் காவல் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே (கிருமியோடு சண்டை போடுகிறவை) ஆள் அடையாளம் தெரியாமல் நரம்பின் உறையைக் கடிக்கின்றன.

அன்றைக்கு டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி நடை, கண் தொந்தரவு உண்டா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தான் சொன்னார்: "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாதுங்க."

அவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லும் பதில் இது. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கடைத்தெருவில் விசாரிப்பார்கள். நிலபுலம் கேட்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, வம்சத்தில் ஏதும் சீக்கு உண்டா என்பார்கள். அதற்குப் பழகிய வாய் டாக்டர் கேட்டாலும் அதையேதான் சொல்கிறது.

எனக்கும் அந்தப் பதிலில் தப்பு தெரியவில்லை. என் அக்கா அப்போதே சில வருஷங்களாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அவள் மோட்டார் கொட்டகையில் வழுக்கி விழுந்தவள். அப்படித்தான் எல்லோரும் சொன்னோம். சொல்லிச் சொல்லி அதுவே எங்களுக்கு உண்மையாகிவிட்டது.

எனக்கு வந்திருப்பது வந்து வந்து போகும் வகை. வரும்போது ஸ்டீராய்டு மருந்தை (வீக்கத்தையும் எரிச்சலையும் அடக்குவது) ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அடிக்கடி வராமல் இருக்கத் தனி மருந்து. கண் முக்கால்வாசி திரும்பியது. கால் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. இயன்முறை சிகிச்சை (பயிற்சியால் தசையைப் பழக்குவது) சொல்லிக் கொடுத்தவர் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் மண்வெட்டியை வைத்துக்கொண்டேன். வரப்பில் மண்வெட்டியை ஊன்றி நடக்கிறவனை யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள்.

வெயில் எனக்கு எதிரியாகிவிட்டது. உடம்பு சூடேறினால் கடிபட்ட நரம்பு அப்போதைக்கு வேலை செய்யாது. மலர் நல்ல எண்ணத்தில் நொச்சி போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில் குளித்த அன்று, குளியலறையிலிருந்து என்னைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். உடம்பு ஆறியதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்தான். வயலுக்கு விடிந்ததும் போய், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவேன். இந்த நோய்க்குப் புகை ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு என் மகன் கதிர் என் பீடிக்கட்டைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்து வைத்தான். நான் தேடினேன். மாடுதான் கண்டுபிடித்தது. அதோடு விட்டேன்.

இப்படியே வருஷங்கள் போயின. கயல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள்.

ஒரு நாள் கதிர் வந்து புகார் சொன்னான். "அப்பா, அக்கா கொல்லையில கண்ண மூடிக்கிட்டுத் தனியா நொண்டி ஆடுறா. கேட்டா அடிக்க வர்றா."

மறுநாள் காலையில் கொல்லைக் கதவின் பக்கம் நின்று பார்த்தேன். கயல் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு கால் மாற்றி நின்றாள். அப்புறம் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கிணற்றடியில் இருந்த சிவப்பு வாளியைப் பார்த்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

தினமும் எழுந்ததும் மலரின் குங்குமத்தைப் பார்த்து நான் செய்கிற சோதனை அது. பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் மரபணுப் பாடம் நடந்திருக்கிறது. அப்பாவிடம் இருப்பது பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று ஆசிரியர் பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். காது மடல் ஒட்டியிருப்பதும் தொங்குவதும் அப்படி இறங்குவதுதான் என்றதும் வகுப்பே காது மடலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறது. இவள் மட்டும் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கும் வருமா அப்பா?"

"வராது" என்று உடனே சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அத்தைக்கும் வந்திருக்கே."

அத்தை வழுக்கி விழுந்தவர் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளைகளே, வீட்டில் பெரியவர்கள் நாங்கள் பார்க்காததை நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். அன்று முழுக்க என் அக்காவின் நடை கண்முன்னே வந்துகொண்டே இருந்தது. காலைத் தூக்காமல் தரையோடு இழுப்பாள். வாசற்படியில் நின்று யோசித்துத்தான் இறங்குவாள். என் நடைதான் அது. எனக்கும் வந்தது, அக்காவுக்கும் வந்தது என்றால் என் பிள்ளைகளுக்கு? இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கயலையும் கூட்டிப்போனேன். "நீயே கேளும்மா" என்றேன்.

வழக்கம்போல அத்தான்தான் கார் ஓட்டி வந்தார். உள்ளேயும் எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா என் கண்ணையும் காலையும் பார்த்து முடித்த பிறகு, கயல் எழுந்து நின்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, "இது எனக்கும் என் தம்பிக்கும் வருமா மேடம்?" என்றாள்.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன்.

எம்.எஸ். நிலப்பட்டா மாதிரி அப்பா பெயரிலிருந்து பிள்ளை பெயருக்கு மாறுவதில்லை. இதற்கென்று தனியாக ஒரு மரபணு (உடம்பு எப்படி அமைய வேண்டும் என்று அப்பா அம்மாவிடமிருந்து வரும் குறிப்பு) கிடையாது. நிறைய மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாக நம்மை அந்தப் பக்கம் சாய்க்கும். அவற்றில் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ப்பது, எது கிருமி, எது நம் சொந்த உடம்பு என்று வெள்ளை அணுவுக்கு அடையாளம் காட்டுகிற மரபணு. ஆனால் அது இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அச்சில் வார்த்தது போலப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு மரபணு ஒன்றேதான். அவர்களில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வராமல் போவதுதான் அதிகம்.

நான் இடையில் ஒன்று கேட்டேன். ஒரே விதைநெல், ஒரே நாற்றங்கால், பறித்து இரண்டு வயலில் நடுகிறோம். கிழக்கு வயலில் குலைநோய் விழுகிறது, மேற்கு வயல் தப்பித்துக்கொள்கிறது. அந்த மாதிரியா என்றேன்.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க. ஆனா உங்க வயல்ல ஏன் விழுந்துச்சுன்னு நீங்க சொல்லிடுவீங்க, பனி, உரம்னு. இதுல எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியல. சிலது தெரியும்."

தெரிந்ததைச் சொன்னார். இளம் பிராயத்தில் வந்துபோகும் ஒரு வைரஸ் காய்ச்சல். புகை. சின்ன வயதில் அளவு மீறின உடல் பருமன். வைட்டமின் டி குறைவு (வெயில் பட்டால் தோலில் உண்டாகிற சத்து). இவையெல்லாம் அந்தச் சாய்வோடு சேர்ந்துகொள்கின்றன. அப்பாவுக்கு இருப்பதால் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. மரபணு சோதனை செய்தாலும் வரும், வராது என்று சொல்லிவிட முடியாது. அதனால் அது வேண்டாம் என்றார்.

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பொய் சொன்னா நாளைக்கு நீ என்ன நம்ப மாட்டே. ஆனா வராம இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆமா, வெயில்ல விளையாடுறியா?"

"கருத்துப்போயிடுவேன்னு அம்மா விட மாட்டாங்க."

"டெல்டாவுல இவ்வளவு வெயில வச்சுக்கிட்டு எல்லாரும் பொண்ணுங்கள நிழல்ல காயப்போடுறீங்க" என்று சிரித்தார் டாக்டரம்மா. பிறகு என் கோப்பைப் புரட்டினார். "உங்க குடும்பத்துல வேற யாருக்கும் இல்லைன்னுதானே சொன்னீங்க?"

அத்தான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அவர் மகள் சுதாவுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம் அது. அது எனக்கும் தெரியும். கயலுக்கும் தெரியும்.

"எங்க அத்தையும் அப்பா மாதிரிதான் நடப்பாங்க" என்றாள் கயல்.

"அது வழுக்கி விழுந்ததும்மா" என்றார் அத்தான், மெதுவாக.

"விழுந்ததால நடக்க முடியலையா மாமா, நடக்க முடியாமத்தான் விழுந்தாங்களா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அதப் பார்த்துத்தான் சொல்லணும். கூட்டிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அத்தான் வண்டியை நிறுத்திவிட்டு, "உம் பொண்ணு எம் பொண்ணு கல்யாணத்த நிறுத்திடுவா போலிருக்கே மச்சான்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பின் சீட்டில் கயல் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அத்தானைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது. பெரியவர்கள் இத்தனை பேர் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு, கையைக் கட்டிக்கொண்டு நேராக நடந்து போனவள் என் மகள். ரயில் போய் கேட் திறக்கும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் அத்தான் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒரு வாரம் கழித்து அக்காவே போன் செய்தாள்.

"நான் வர்றேன்டா தம்பி. கூடத்துச் சுவரெல்லாம் எங் கைபட்டுக் கோடு மாதிரிக் கருத்துக் கெடக்கு. கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சா மறுபடி நாந்தானே கருப்பாக்கணும்."

அவளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நாங்கள் நடைவழியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு இருப்பதுதான் அக்காவுக்கும் என்று நான் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தேன். அத்தானும்தான். டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார்.

அக்காவுக்கு எம்.எஸ். இல்லை.

கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை (மூளையிலிருந்து முதுகு வழியாக இறங்கும் நரம்புக் கற்றை) அழுத்திக்கொண்டிருந்தது. வம்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுத்துவிடலாம். இழந்ததெல்லாம் திரும்பாது, முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். கயல்தான் கேட்டாள்.

"அப்ப இத்தன வருஷமா அத்தை சும்மாவே சுவத்தப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்களா?"

அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எந்த நோய் வெளியே தெரியக் கூடாது என்று மூடி வைத்தாரோ அந்த நோய் அங்கே இல்லவே இல்லை. அக்கா அவர் தோளைத் தட்டி, "விடுங்க, சுண்ணாம்புச் செலவு மிச்சம்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து கழுத்துப் பட்டையோடு அக்கா சம்பந்தி வீட்டாரை வரச் சொன்னாள். எனக்கு என்ன நோய், தனக்கு என்ன ஆபரேஷன் என்று ஒன்று விடாமல் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க வீட்ல சர்க்கரை இல்லாத ஆளே கிடையாது. நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார். அதற்கப்புறம்தான் காபியே வந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா ஒரு கையில் தடியும் ஒரு கையில் கயலுமாக மண்டபத்துக்குள் நடந்து வந்தாள். சுவர்ப் பக்கம் அவள் போகவே இல்லை.

என் நோய் என்னோடுதான் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் திரும்ப வந்து, இடது கையைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்துக்கொண்டு போனது. இனிமேலும் வரலாம். முன்பெல்லாம் எனக்குக் காலம் என்றால் ஆற்றில் தண்ணீர் வருவது, நடவு, அறுப்பு. இப்போது உடம்புக்கும் ஒரு பருவம் இருக்கிறது. அது எப்போது மாறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கால் நன்றாக இருக்கிற காலையை நான் வீணாக்குவதில்லை.

கயலுக்கு யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "கொஞ்சம் இருக்குப்பா. தினமும் பாக்குற அளவுக்கு இல்ல" என்றாள். சிவப்பு வாளி இப்போது தண்ணீர் இறைக்க மட்டும்தான். மலர் அவளை வெயிலில் விளையாட விடுகிறாள். கருத்துத்தான் போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு இதே நோயாம். அந்தப் பெண்ணுக்கு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் இவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "நீங்க எழுதுங்கப்பா, இன்னும் நிறையப் பேருக்குத் தெரியணும்" என்றாள். அதனால்தான் எழுதினேன்.

இந்த வருஷம் குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்த காலை, இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். என் செருப்புக்கு இப்போது பின்வார் உண்டு, கழலாது. பின்னால் வந்து எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லை. கயல் எனக்கு முன்னால் வெகுதூரம் வரப்பில் போய்க்கொண்டிருந்தாள்.

என் இடது கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தானாகத் தெரியாது. குனிந்து கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நடக்கிற வரை தரையைத்தான் பார்க்க முடியும். அவளைப் பார்க்க வேண்டுமானால் நான் நின்றாக வேண்டும்.

மண்வெட்டியை ஊன்றி நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன்.